எண்ணிக்கையில் இருந்தார்கள், பேச்சில் இல்லை: அமெரிக்காவின் முதல் தேர்தல் கூட்டணிகள்

2016இல் டொனால்ட் ட்ரம்ப், ஹிலாரி கிளின்டனை விட 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் குறைவாகப் பெற்றும் அமெரிக்க ஜனாதிபதியானார். 2000இல் ஜோர்ஜ் புஷ்ஷும் எதிராளியை விடக் குறைந்த வாக்குகளோடுதான் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். அங்கே மக்கள் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்வதில்லை, மாநிலங்கள் தோறும் தெரிவாகும் தேர்வாளர்களே தெரிவு செய்கிறார்கள் என்று ஒரு வரி விளக்கத்தோடு எமது ஊடகங்கள் கடந்துவிடுகின்றன. அந்த ஏற்பாட்டுக்குள் முதல் கூட்டணிகள் எப்படிக் கட்டப்பட்டன, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பது பெரிதாகப் பேசப்படுவதில்லை.

போர் முடிந்த பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் "இவரைக் கொண்டுவருவதா, அவரை வரவிடாமல் தடுப்பதா" என்ற கேள்வியோடுதான் எமது மக்கள் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் 1800, 1824, 1828 ஆகிய மூன்று அமெரிக்கத் தேர்தல்களையும் படித்தேன். அமெரிக்க ஜனநாயகத்தின் பெருமையைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூட்டணி என்ற ஒன்று உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதை இந்த மூன்று தேர்தல்களும் மறைக்காமல் காட்டுகின்றன.

கட்சிகளை விரும்பாத நாட்டில் இரண்டு கட்சிகள்

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சி பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. கட்சி என்பது நாட்டைப் பிளக்கும் நோய் என்றே அதை எழுதியவர்களில் பலர் நினைத்தார்கள். ஜோர்ஜ் வொஷிங்டன் 1789இலும் 1792இலும் எதிர்ப்பின்றித் தெரிவானார். ஆனால் அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே பிளவு தொடங்கிவிட்டது. திறைசேரிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டன் தேசிய வங்கி, பலமான மத்திய அரசு, பிரித்தானியாவுடன் வர்த்தகம் ஆகியவற்றை முன்வைத்தார். இராஜாங்கச் செயலாளர் தோமஸ் ஜெஃபர்சன் மாநிலங்களின் அதிகாரம், விவசாயிகளின் நலன், பிரெஞ்சுப் புரட்சி மீதான அனுதாபம் என்று எதிர்த்திசையில் நின்றார். ஹமில்டனின் பக்கம் பெடரலிஸ்ட் கட்சியாகவும், ஜெஃபர்சன், ஜேம்ஸ் மடிசன் ஆகியோரின் பக்கம் குடியரசுக் கட்சியாகவும் உருவாயின. (இன்றைய குடியரசுக் கட்சி அதுவல்ல. ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்றும் அதை அழைப்பார்கள்.)

ஊடகக் கற்கை படித்தவன் என்ற வகையில் என் கவனத்தை இழுத்த விடயம் ஒன்று உண்டு. இந்தக் கட்சிகளுக்கு அப்போது அலுவலகமோ உறுப்பினர் அட்டையோ இருக்கவில்லை. பத்திரிகைகள்தான் கட்சிகளாக இயங்கின. ஜோன் ஃபென்னோவின் பத்திரிகை ஹமில்டனுக்காகப் பேசியது. அரசாங்க அச்சு வேலைகள் அதற்குக் கிடைத்தன. 1791இல் பிலிப் ஃப்ரெனோ எதிர்ப் பத்திரிகையைத் தொடங்கியபோது, ஜெஃபர்சன் அவருக்குத் தன்னுடைய திணைக்களத்திலேயே மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார். அரசாங்கச் சம்பளத்தில் இருந்துகொண்டே அரசாங்கத்தைத் தாக்கும் பத்திரிகையாசிரியர்! சுதந்திர ஊடகம் என்று பின்னாளில் புகழப்பட்ட மரபு இப்படித்தான் தொடங்கியது.

தேர்தல் விதியும் விசித்திரமானது. ஒவ்வொரு தேர்வாளருக்கும் இரண்டு வாக்குகள். அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி, இரண்டாமவர் துணை ஜனாதிபதி. கட்சிகள் இல்லாத நாட்டுக்கென எழுதப்பட்ட விதி இது. 1796இல் பெடரலிஸ்ட் கட்சியின் ஜோன் அடம்ஸ் 71 வாக்குகளும் ஜெஃபர்சன் 68 வாக்குகளும் பெற்றார்கள். எனவே ஜனாதிபதி ஒரு கட்சி, துணை ஜனாதிபதி அவரை வீழ்த்தக் காத்திருக்கும் மறு கட்சி என்றானது.

1800: சிறைக்குப் போனவரின் வாக்கு

1798இல் பிரான்சுடன் போர் மூளும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி பெடரலிஸ்ட் காங்கிரஸ் தேசத்துரோகச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசாங்கத்தையோ காங்கிரசையோ ஜனாதிபதியையோ இழிவுபடுத்தி எழுதினால் சிறையும் அபராதமும். அந்தப் பட்டியலில் துணை ஜனாதிபதி சேர்க்கப்படவில்லை. அவர் ஜெஃபர்சன்; அவரை எவரும் திட்டலாம். சட்டம் 1801 மார்ச் 3ஆம் திகதி, அதாவது அடம்ஸின் பதவிக்காலத்தின் கடைசி நாளில், தானாகவே காலாவதியாகும் என்றும் எழுதப்பட்டிருந்தது. எந்தத் தேர்தலை மனதில் வைத்து அந்தச் சட்டம் தைக்கப்பட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தேசிய பாதுகாப்பின் பெயரால் வரும் பேச்சுச் சட்டங்களைப் படிக்கும்போது, அது யாரைப் பாதுகாக்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்க வேண்டும் என்பதை நான் இதிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சட்டத்தின் கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் வெர்மொன்ட் மாநிலப் பிரதிநிதி மத்தியூ லயன். அடம்ஸை விமர்சித்ததற்காக அவருக்கு நான்கு மாதச் சிறையும் 1000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறையில் இருந்தபடியே அவர் மீண்டும் தெரிவானார்.

1800 தேர்தலை ஜெஃபர்சன் கட்சி வென்றதற்கு நியூயோர்க் முக்கிய காரணம். அந்த மாநிலத்தின் 12 தேர்வாளர்களையும் மாநில சட்டசபையே தெரிவு செய்தது. ஆகவே அந்த வருட வசந்தத்தில் நடந்த சட்டசபைத் தேர்தல்தான் உண்மையான போர்க்களம். தமக்குள் ஒத்துப்போகாத கிளின்டன் குடும்பத்தையும் லிவிங்ஸ்டன் குடும்பத்தையும் தன்னுடைய ஆட்களையும் ஒரே வேட்பாளர் பட்டியலில் கொண்டுவந்தார் ஆரன் பர். நியூயோர்க் நகரில் வீதி வீதியாக வாக்காளர் கணக்கெடுத்து ஹமில்டனின் கோட்டையைக் கைப்பற்றினார். பரிசாக அவருக்குத் துணை ஜனாதிபதி வேட்பாளர் இடம் கிடைத்தது.

அதே விதி இப்போது வெற்றி பெற்றவர்களையே கடித்தது. குடியரசுக் கட்சித் தேர்வாளர்கள் அனைவரும் தமது இரண்டு வாக்குகளையும் ஜெஃபர்சனுக்கும் பருக்கும் ஒழுங்காகப் போட்டதால் இருவருக்கும் 73 வாக்குகள். அடம்ஸுக்கு 65. சமநிலை வந்தால் பிரதிநிதிகள் சபை தீர்மானிக்கும். ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் ஒன்பது வேண்டும். தேர்தலில் தோற்ற பெடரலிஸ்ட்களின் கையில் இப்போது வெற்றியாளரைத் தெரிவு செய்யும் அதிகாரம் விழுந்தது. 1801 பெப்ரவரி 11ஆம் திகதி தொடங்கி 35 தடவைகள் வாக்கெடுத்தார்கள். ஜெஃபர்சனுக்கு எட்டு, பருக்கு ஆறு, இரண்டு மாநிலங்கள் உள்ளுக்குள் பிளவு. மாற்றமில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் டெலவெயரின் ஒரே பிரதிநிதியான ஜேம்ஸ் பேயார்ட் என்ற பெடரலிஸ்ட். அரச கடன், கடற்படை, தன் கட்சி உத்தியோகத்தர்களின் வேலை ஆகியவை பற்றி ஜெஃபர்சனிடமிருந்து இடைத்தரகர் மூலம் உறுதி கிடைத்தது என்று அவர் பின்னர் சாட்சியம் சொன்னார். அப்படி எதுவும் இல்லை என்று ஜெஃபர்சன் மறுத்தார். பெப்ரவரி 17ஆம் திகதி 36ஆவது வாக்கெடுப்பில் பேயார்ட் வெற்று வாக்குப் போட்டார். வெர்மொன்டின் பெடரலிஸ்ட் பிரதிநிதி சபையை விட்டு விலகி நின்றார். எனவே அந்த மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்குப் போட்டவர், சிறைக்குப் போய்வந்த மத்தியூ லயன். பத்து மாநிலங்களோடு ஜெஃபர்சன் ஜனாதிபதியானார். ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் தனித்தனியே வாக்களிக்கும்படி 1804இல் 12ஆவது திருத்தம் வந்தது.

வாக்கில்லாதவர்களின் தலைக்கணக்கு

பொதுவாக இந்தக் கதை இங்கேயே, மக்களாட்சியின் வெற்றி என்று சொல்லி முடிக்கப்படும். நான் முடிக்க விரும்பவில்லை. 73க்கும் 65க்கும் இடைப்பட்ட எட்டு வாக்குகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள், அதன் வழியாக எத்தனை தேர்வாளர்கள் என்பதைச் சனத்தொகை தீர்மானித்தது. அந்தக் கணக்கில் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்கலாம் என்று அரசியலமைப்பு அனுமதித்தது. 1790 கணக்கெடுப்பின்படி வேர்ஜினியாவில் சுதந்திர மனிதர்கள் சுமார் 4,55,000; பென்சில்வேனியாவில் சுமார் 4,30,000. ஏறக்குறைய சமம். ஆனால் 1800 தேர்தலில் பென்சில்வேனியாவுக்கு 15 தேர்வாளர்கள், வேர்ஜினியாவுக்கு 21. வித்தியாசம் வேர்ஜினியாவில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த 2,92,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களின் தலைக்கணக்கிலிருந்து வந்தது. நாடு முழுவதும் இப்படித் தென் மாநிலங்களுக்குக் கிடைத்த மேலதிகத் தேர்வாளர்கள் குறைந்தது 12 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அடம்ஸ் வென்றிருப்பார்.

அதே 1800ஆம் ஆண்டில் வேர்ஜினியாவின் ரிச்மண்ட் அருகே கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் விடுதலைக்கான கிளர்ச்சியொன்றைத் திட்டமிட்டார். அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அப்போது மாநில ஆளுநர் ஜெஃபர்சனின் நெருங்கிய சகாவான ஜேம்ஸ் மொன்றோ. சுதந்திரத்தின் பெயரால் தேர்தலில் நின்ற கட்சியின் ஆசனக் கணக்கில் அந்த மக்கள் எண்ணப்பட்டார்கள். சுதந்திரம் கேட்டபோது தூக்குமரம் கிடைத்தது.

1824: சொல்லாமல் செய்த கூட்டு

பெடரலிஸ்ட் கட்சி தேய்ந்து மறைந்தபின் ஒரே கட்சிதான் மிஞ்சியது. எதிரி இல்லாத கட்சி தனக்குள்ளேயே உடைந்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் கூடி வேட்பாளரைத் தீர்மானிக்கும் வழக்கம் இருந்தது. 1824 பெப்ரவரியில் அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 66 பேர் மட்டுமே. அவர்கள் வில்லியம் க்ரோஃபர்டை அறிவித்தார்கள். மற்ற மூவரும் அதைக் கணக்கில் எடுக்காமல் போட்டியில் நின்றார்கள்.

முடிவு: அன்ட்ரூ ஜக்சன் 99, ஜோன் குவின்சி அடம்ஸ் 84, க்ரோஃபர்ட் 41, ஹென்றி கிளே 37. மக்கள் வாக்கிலும் ஜக்சன் சுமார் 41 வீதத்தோடு முன்னணியில் நின்றார். அடம்ஸுக்குச் சுமார் 31 வீதம். ஒருவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாததால் முதல் மூவரின் பெயர்கள் மீண்டும் பிரதிநிதிகள் சபைக்குப் போயின. நான்காவதாக வந்து வெளியேறிய கிளே அந்தச் சபையின் சபாநாயகர். அவருடைய கென்டக்கி மாநில சட்டசபை, ஜக்சனுக்கு வாக்களிக்கும்படி தன் பிரதிநிதிகளைக் கேட்டுக்கொண்டது. அந்த மாநிலத்தில் அடம்ஸுக்கு மக்கள் வாக்கே விழவில்லை. ஆனாலும் கென்டக்கியின் வாக்கு அடம்ஸுக்குப் போனது. 1825 பெப்ரவரி 9ஆம் திகதி முதல் வாக்கெடுப்பிலேயே 24 மாநிலங்களில் 13ஐப் பெற்று அடம்ஸ் வென்றார். சில நாட்களில் கிளேயை இராஜாங்கச் செயலாளராக அறிவித்தார். அந்தப் பதவி அடுத்த ஜனாதிபதிக்கான படிக்கட்டாகக் கருதப்பட்ட காலம் அது.

"ஊழல் பேரம்" என்ற கூச்சல் நான்கு வருடங்கள் ஓயவில்லை. நியாயமாகப் பார்த்தால் அடம்ஸும் கிளேயும் வீதிகள், கால்வாய்கள், உள்ளூர்த் தொழில்களுக்குப் பாதுகாப்பு வரி, தேசிய வங்கி என்று பெரும்பாலும் ஒரே கொள்கையைக் கொண்டவர்கள். அவர்கள் சேர்ந்தது கொள்கை ரீதியில் இயல்பானது. ஆனால் தேர்தலுக்கு முன்னரே எங்களுக்குள் இதுதான் உடன்பாடு என்று மக்களிடம் அவர்கள் சொல்லவில்லை. கதவுக்குள் நடந்த பேச்சும், அதன்பின் வந்த பதவியும் மட்டுமே வெளியே தெரிந்தன. நியாயமான கூட்டுக்கூட மறைவில் செய்யப்பட்டால் பேரமாகத்தான் பார்க்கப்படும்.

1828: மௌனத்தின் மேல் கட்டிய கட்சி

அடுத்த கூட்டணியை அமைத்தவர் நியூயோர்க்கின் மார்ட்டின் வான் பியூரன். 1827 ஜனவரியில் ரிச்மண்ட் பத்திரிகையாசிரியர் தோமஸ் ரிச்சிக்கு அவர் எழுதிய கடிதம் அமெரிக்கக் கட்சி அரசியலின் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. தெற்கின் தோட்ட முதலாளிகளையும் வடக்கின் சாதாரணக் குடியரசுக் கட்சியினரையும் மறுபடி ஒரே கட்சிக்குள் சேர்க்க வேண்டும். கட்சிப் பற்று பலமாக இருந்தால் அடிமைமுறை பற்றிய வடக்கு-தெற்குக் கசப்பு தலைதூக்காது என்பது அவருடைய வாதம். இன்று ஜனநாயகக் கட்சி என்று அழைக்கப்படும் கட்சியின் தொடக்கம் இது. ஒரு கேள்வியைப் பேசாமல் இருப்பதே அந்தக் கூட்டின் நிபந்தனை.

1828இல் ஜக்சன் 178 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார், அடம்ஸுக்கு 83. வாக்களித்தோர் வீதம் முன்னைய தேர்தலை விட இரு மடங்காகியது. சாதாரண வெள்ளையினக் குடிமகனின் வெற்றி என்று அது கொண்டாடப்பட்டது. அதில் உண்மை இருக்கிறது. அந்த வெற்றியின் கணக்கு வேறொரு மக்களிடம் வசூலிக்கப்பட்டது.

ஜோர்ஜியாவின் ஒன்பது தேர்வாளர்களும் ஜக்சனுக்கே வாக்களித்தார்கள். ஜோர்ஜியா கேட்டது செரோக்கி மக்களின் நிலத்தை. அந்த மக்கள் தமக்கென எழுத்து, அரசியலமைப்பு, 1828 பெப்ரவரி முதல் இருமொழிப் பத்திரிகை எல்லாம் வைத்திருந்தவர்கள். "செரோக்கி ஃபீனிக்ஸ்" என்ற அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் எலியாஸ் பூடினோ. 1830 மே மாதம் பூர்வீக மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று நிறைவேறியது. வித்தியாசம் ஐந்து. அடிமைகளின் தலைக்கணக்கால் தென் மாநிலங்களுக்குக் கிடைத்திருந்த மேலதிக ஆசனங்கள் அந்த ஐந்தை விட மிக அதிகம். வாக்கில்லாத ஒரு மக்களின் எண்ணிக்கையைப் பயன்படுத்தி, வாக்கில்லாத இன்னொரு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

செரோக்கி மக்களின் வழக்கில் 1832இல் உயர் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜோர்ஜியாவின் சட்டங்கள் அவர்களின் நிலத்தில் செல்லாது என்றார் பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷல். தீர்ப்பு காகிதத்தில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விருப்பம் ஆட்சியில் இருக்கவில்லை. எதிர்க்கட்சியினர் அவர்களுக்காகக் காங்கிரசில் உருக்கமாகப் பேசினார்கள். அனுதாபம் இருந்தது, பெரும்பான்மை இல்லை.

அழுத்தம் உள்ளே பிளவை உண்டாக்கியது. இனித் தாக்குப்பிடிக்க முடியாது, கிடைப்பதை வாங்கிக்கொண்டு போவோம் என்றது பூடினோவின் தரப்பு. ஒரு அங்குலமும் விடமாட்டோம் என்றது தலைவர் ஜோன் ரோஸின் தரப்பு. மாற்றுக் கருத்தைப் பத்திரிகையில் எழுத ரோஸ் அனுமதிக்காததால் பூடினோ 1832இல் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். 1835இல் ஜோர்ஜியாவின் காவற்படை அச்சு இயந்திரத்தையே பறித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு சிறு குழு, மக்களின் ஆணையில்லாமல், முழு நிலத்தையும் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ரோஸ் அனுப்பிய எதிர்ப்பு மனுவைப் பொருட்படுத்தாமல், தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மையை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பெற்று செனட் அதை உறுதிப்படுத்தியது.

1838இல் படையினர் மக்களை வீடுகளிலிருந்து இழுத்து முகாம்களில் அடைத்தார்கள். வேலியிட்ட முகாம் என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அகற்றப்பட்ட சுமார் 16,000 பேரில் ஏறக்குறைய 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் இறந்தார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அப்போது ஜனாதிபதி, அந்தக் கூட்டணியைக் கட்டிய அதே வான் பியூரன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பூடினோ 1839இல் சொந்த மக்களின் கையாலேயே கொல்லப்பட்டார். கூட்டணிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறிக்கொண்டிருந்தார்கள். தோற்றுப்போன மக்களுக்குள் துரோகி என்ற சொல் மட்டும் தலைமுறைகளாக நின்றது.

எமது கையில் இருக்கும் வாக்கு

இருநூறு வருடத்துக்கு முந்திய வாக்கில்லாத மக்களோடு எம்மை ஒப்பிடலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். செரோக்கிகளுக்கும் அடிமைகளுக்கும் இல்லாத ஒன்று எமக்கு இருக்கிறது: வாக்கு. அதனாலேயே விதியையும் உடன்பாட்டையும் நாம் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்கிறேன்.

1825இல் மக்கள் தீர்க்காததைச் சபை உறுப்பினர்கள் தீர்த்தார்கள். இலங்கையில் 2022 ஜூலையில் ஏறக்குறைய அதுபோன்ற ஒன்று நடந்தது. ஜனாதிபதி இடைநடுவில் விலகியதால் நாடாளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் ரணில் விக்கிரமசிங்கவை 134 வாக்குகளால் தெரிவு செய்தது. ஆனால் பொதுத் தேர்தல் என்று வரும்போது எமது சட்டம் அமெரிக்காவின் சட்டத்தை விட ஒரு விதத்தில் மேலானது. எவருக்கும் 50 வீதம் கிடைக்காவிட்டால் வாக்காளரின் இரண்டாவது, மூன்றாவது விருப்பு வாக்குகளே தீர்மானிக்கும். கிளே போன்ற ஒருவர் எமக்குப் பதிலாகப் பேரம் பேச வேண்டியதில்லை. அந்தப் பேரத்தை வாக்குச்சீட்டில் நாமே எழுதலாம்.

2024 செப்டெம்பரில் முதல் தடவையாக அந்த எண்ணிக்கை நடந்தது. அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச தவிர்ந்த ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 33 இலட்சம். அவற்றிலிருந்து அந்த இருவருக்கும் எண்ணப்பட்ட விருப்பு வாக்குகள் மூன்று இலட்சத்தைக்கூட எட்டவில்லை. தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்கு விழுந்த இரண்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான வாக்குகளும் அந்த 33 இலட்சத்துக்குள் அடங்கும். பொது வேட்பாளரை நிறுத்தியது சரியா தவறா என்ற விவாதம் நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது விருப்பை எந்த நிபந்தனைக்கு, எந்த எழுத்துமூல உறுதிக்குக் கொடுப்பது என்ற விவாதம் போதுமான அளவு நடக்கவில்லை. காணி, காணாமலாக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்ற விடயங்களில் பகிரங்கமாகக் கேட்டு, பகிரங்கமாகப் பதில் வாங்கி, அதன்பின் இரண்டாவது விருப்பைச் சொல்லும் வாய்ப்பு சட்டத்தில் இருந்தது. அடுத்த தடவையும் இருக்கும்.

அமெரிக்க உதாரணங்களைப் படித்தபின் எந்தக் கூட்டணியைப் பார்த்தாலும் ஒரு கேள்வி எனக்கு எழுகிறது. இந்தக் கூட்டு சேர்ந்திருப்பதற்காக எந்த விடயத்தைப் பேசாமல் விட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்? வான் பியூரனின் கூட்டில் அது அடிமைமுறை. தெற்கில் அமையும் கூட்டுகளில் பல தடவை அது எமது பிரச்சினையாக இருந்திருக்கிறது. தமிழ்க் கட்சிகளின் கூட்டுகளிலும் பேசாமல் விடப்பட்ட விடயங்கள் உண்டு. மேடைக்கு வந்து வாக்குக் கேட்பவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாங்கி வைப்பதற்குத் தேர்தல் திகதி அறிவிக்கப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லை.